புரூகலின் பிள்ளைகள் விளையாடுகிறார்களா, நமக்குப் பாடம் நடத்துகிறார்களா?

மரப்பாச்சி:

மூன்று வாரமாகத் தூங்கப் போகும் முன் ஒரே ஓவியத்தைத்தான் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெதர்லாந்திய ஓவியர் பீட்டர் புரூகல் 1560இல் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய 'குழந்தைகளின் விளையாட்டுகள்'. இப்போது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 161 செ.மீ., உயரம் 118 செ.மீ. ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான். அதற்குள் 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள், 80க்கும் மேற்பட்ட விளையாட்டுகள்.

இடது கீழ் மூலையில் இரண்டு பெண்கள் ஆட்டின் கணுக்கால் எலும்பை மேலே போட்டுப் பிடித்து விளையாடுகிறார்கள், நம் அஞ்சாங்கல்லின் ஒன்றுவிட்ட அக்காள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளி ஒருவன் குமிழி ஊதுகிறான். பச்சைக் குதிரை தாண்டுகிறார்கள், கண்ணாமூச்சி ஆடுகிறார்கள், பம்பரத்தைச் சாட்டையால் அடிக்கிறார்கள், ஒத்தையா இரட்டையா கேட்கிறார்கள். பாவாடை குடைபோல விரியத் தட்டாமாலை சுற்றுகிற பெண்கள் இருக்கிறார்கள். முன்னால் இரண்டு பேர் பீப்பாய் வளையத்தைக் குச்சியால் உருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருத்தி குச்சியால் சாணியோ மலமோ எதையோ கிளறிக்கொண்டிருக்கிறாள், அதையும் அந்த மனிதர் விடவில்லை.

இப்போது என் ஆதங்கம். இந்த ஓவியத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பாதி இதை ஒரு எச்சரிக்கை என்கின்றன. மனிதர்கள் உலகத்தில் செய்கிற காரியம் எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு, கடவுள் பார்வையில் மடமை, அதைக் காட்டத்தான் புரூகல் இதை வரைந்தாராம். என்னால் ஏற்க முடியவில்லை. வெறுப்போ ஏளனமோ உள்ள ஒருவர் ஒவ்வொரு பிள்ளையின் முழங்கால் மடிப்பையும் இவ்வளவு பொறுமையாக வரைய மாட்டார் என்பது என் கட்சி. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் விளையாட்டை விளையாட்டாகவே மதித்துப் பார்த்த ஒருவரின் பதிவு இது. மறுப்பவர்கள் வரலாம்.

தாழ்வாரம்:

மறுக்கிறேன், தோழி. ஓவியத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் எனக்கும் உண்டு, ஆனால் பிரியம் இருப்பதால் அது சொல்வதை மாற்றிவிட முடியாது.

முதலில் இது தனியாக வந்த ஓவியம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1559இல், அதே ஓவியர் அதே போல ஊர்ச் சதுக்கத்தை மேலிருந்து பார்க்கும் கோணத்தில், அதே போல நெரிசலாக இரண்டு ஓவியங்கள் வரைந்திருக்கிறார். ஒன்று 'நெதர்லாந்தியப் பழமொழிகள்', பெர்லினில் இருக்கிறது. இன்னொன்று 'கார்னிவலுக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் சண்டை', அதுவும் வியன்னாவில்தான். கார்னிவல் என்பது தவக்கால நோன்புக்கு முந்தைய கொண்டாட்டம். பழமொழி ஓவியத்தில் ஆட்கள் செய்வது என்ன? தலையைச் செங்கல் சுவரில் முட்டுகிறார்கள், பன்றிக்கு ரோஜாப்பூ போடுகிறார்கள், கன்று விழுந்து செத்த பிறகு கிணற்றை மூடுகிறார்கள். அது மடமையின் பட்டியல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதன் நடுவில் ஒரு பெண் தன் கணவன்மேல் நீல அங்கியைப் போர்த்துகிறாள், அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு ஏமாற்றுதல் என்று பொருள். சரி, பிள்ளைகள் ஓவியத்தில் கண்ணாமூச்சி ஆடும் பிள்ளையின் தலையை மூடியிருக்கும் துணி என்ன நிறம்? நீலம். ஒரே வருட இடைவெளியில் ஒரே தூரிகை செய்த வேலை இது, தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது, 1530இல் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப் நகரில் யான் வான் டூஸ்போர்ஃக் வெளியிட்ட ஒரு பிளெமிஷ் கவிதை இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. மனித குலம் முழுவதையும் அறிவற்ற ஆட்டத்தில் மூழ்கிப்போன பிள்ளைகளோடு ஒப்பிடுகிறது. புரூகல் 1560இல் இருந்ததும் அதே ஆண்ட்வெர்ப். இந்த எண்ணம் அந்த ஊர்க் காற்றில் இருந்தது.

மூன்றாவது, அந்தப் பிள்ளைகள் விளையாடுவது என்ன என்று பாருங்கள். கல்யாண ஊர்வலம், ஞானஸ்நான ஊர்வலம், கடை வைத்தல், குதிரை வீரர் சண்டை. பெரியவர்களின் வாழ்க்கை மொத்தமும் சின்ன உடம்புகளில். இடப்பக்க வீட்டுச் சன்னலில் ஒரு முகமூடி வேறு. குமிழி ஊதுகிறவனையும் நீங்களே சொன்னீர்கள். மனிதன் ஒரு நீர்க்குமிழி என்ற பழைய லத்தீன் வழக்கை அந்தக் காலத்து நெதர்லாந்திய அறிஞர் எராஸ்மஸ் தன் பழமொழித் தொகுப்பில் எடுத்து விரித்து எழுதியிருக்கிறார், படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த உருவகம் அது. நாமும் நீர்க்குமிழி வாழ்வு என்றுதானே சொல்கிறோம்.

கோலிக்குண்டு:

நான் உடற்கல்வி ஆசிரியர். கலை வரலாறு படித்தவன் இல்லை, அதனால் உடம்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வளையம் உருட்டுகிற இரண்டு பேரில் குச்சி எங்கே படுகிறது என்று பாருங்கள். வளையத்தை உருட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், குச்சி மேலே பட்டால் துள்ளும், கீழே பட்டால் சாயும். பச்சைக் குதிரையில் குனிந்து நிற்பவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறான், தாண்டுகிறவன் கால் தலையில் பட்டுவிடும் என்ற பயம். பொய்க்காலில் நடக்கிறவன் உடம்பை எவ்வளவு சாய்க்கிறான், உப்புமூட்டை தூக்கியவன் முதுகு எங்கே வளைகிறது, தலைகீழாக நிற்கிறவன் பாரம் எந்தக் கையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. தாழ்வாரம் சார், பாடம் சொல்ல வேண்டும் என்றால் பத்து விளையாட்டு போதுமே. எதற்கு எண்பது? எதற்கு இந்த நுணுக்கம்? பழமொழிக்கு ஒரு பொருள் இருக்கும், தட்டாமாலை சுற்றுவதற்கு என்ன பொருள் இருக்கிறது? தலை சுற்றும், கீழே விழுவோம், சிரிப்போம், அவ்வளவுதான்.

தாழ்வாரம்:

கோலிக்குண்டு சார், நல்ல கேள்வி. ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதே ஒரு பொருளாக இருக்கலாமே. பழமொழி ஓவியத்திலும் 100க்கும் மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. மடமைக்குக் கணக்கே இல்லை என்று சொல்ல வேண்டும் என்றால் கண் தாங்காத அளவுக்குக் கொட்டித்தானே காட்டுவார்கள்? நுணுக்கமும் அப்படித்தான். தப்பாக வரைந்த ஓவியம் யாரையும் குத்தாது, சரியாக வரைந்தால்தான் பார்க்கிறவன் அதில் தன்னைக் கண்டுகொள்வான்.

அப்புறம் சிரிப்போம் என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சிக்கல். அந்தப் பிள்ளைகளில் சிரிக்கிறவர்கள் எத்தனை பேர்? உருண்டை முகம், கண்ணுக்குப் பதில் இரண்டு புள்ளி, வேலைக்குப் போகிற ஆட்களின் தீவிரம். நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி:

இரண்டு பேரும் ஓவியத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். வெளியே அந்தக் காலத்தில் விளையாட்டை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் கொண்டுவந்தால் நல்லது. என் சாய்வு தாழ்வாரம் பக்கம்தான்.

இத்தாலியின் பிளாரன்ஸில் 1497 பிப்ரவரி 7 அன்று சவோனரோலா என்ற துறவி, கார்னிவல் முடியும் நாளில், நகர மன்றச் சதுக்கத்தில் பெரிய தீ மூட்டினார். முகமூடி, கண்ணாடி, அலங்காரப் பொருள் இவற்றோடு சீட்டுக்கட்டும் சூதுக்காயும் பலகைகளும் எரிந்தன. அவற்றை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தவர்கள் யார் தெரியுமா? சிறுவர்கள். கார்னிவல் நாட்களில் தெருவை மறித்துக் காசு கேட்டு, கல்லெறிந்து விளையாடிக்கொண்டிருந்த அதே வயதுப் பையன்களைப் படையாகத் திரட்டி, விளையாட்டுச் சாமான்களை எரிக்க வைத்தார். அடுத்த வருடமே, 1498 மே மாதம், அதே சதுக்கத்தில் அவரையே தூக்கிலிட்டு எரித்தார்கள், அது வேறு கதை.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று, 1541. கைவினைஞர், வேலைக்காரர், பயிற்சியில் இருக்கும் பையன்கள் சீட்டு, தாயம், பந்துருட்டல், டென்னிஸ் எதையும் ஆடக் கூடாது, கிறிஸ்துமஸ் நாட்களில் மட்டும் விலக்கு. வில்வித்தை மறந்துபோகிறது, போருக்கு ஆள் கிடைக்காது என்பது காரணம். ஹென்றியோ டென்னிஸ் பைத்தியம், அரண்மனையிலேயே ஆடுகளம் வைத்திருந்தவர். ஆக, சாதாரண ஆள் விளையாடுவது நேர விரயம், ஒழுங்கீனம், சில இடங்களில் பாவம் என்பதுதான் அதிகாரத்தில் இருந்தவர்களின் பார்வை. அந்தச் சூழலில் வளர்ந்த ஓவியர் விளையாட்டைக் கொண்டாடினார் என்று சொல்ல வலுவான ஆதாரம் வேண்டும்.

மரப்பாச்சி:

பழஞ்சுவடி, நீங்கள் காட்டிய இரண்டும் பெரியவர்களின் விளையாட்டு, அதிலும் பெரும்பாலும் பணம் வைத்து ஆடுகிறவை. சீட்டாட்டத்தைத் திட்டியவர்கள் எல்லாரும் பச்சைக் குதிரையையும் திட்டினார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அஞ்சாங்கல்லையும் சூதாட்டத்தையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள்.

பிளாரன்ஸ் என்றீர்கள், நானும் அங்கேயே வருகிறேன். சவோனரோலாவின் தீ எரிந்து 33 வருடம் கழித்து, 1530 பிப்ரவரி 17. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை நகரத்தைச் சூழ்ந்து நிற்கிறது, மாதக்கணக்கில் முற்றுகை, உள்ளே சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அந்த நாளில் பிளாரன்ஸ்காரர்கள் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் இறங்கிப் பந்து விளையாடினார்கள். கால்ச்சோ என்று பெயர், பக்கத்துக்கு 27 பேர், காலாலும் உதைக்கலாம், கையாலும் தூக்கிக்கொண்டு ஓடலாம், குத்திச் சாய்க்கவும் செய்யலாம். வெளியே நிற்கும் பகைவனுக்குக் கேட்கட்டும் என்று வாத்தியம் முழங்க ஆடினார்கள் என்பது அந்த ஊர் இன்றுவரை சொல்லிக்கொள்ளும் கதை. ஆகஸ்டில் நகரம் விழுந்துவிட்டது. ஆனால் அந்த ஆட்டத்தை இன்றும் ஒவ்வொரு ஜூன் மாதமும் அதே சதுக்கத்தில் ஆடுகிறார்கள். நாங்கள் இன்னும் நாங்களாகத்தான் இருக்கிறோம் என்று காட்ட அந்த மக்கள் விளையாட்டைத்தான் எடுத்தார்கள். விளையாட்டை மடமை என்று நினைக்கிற ஊர் அதைச் செய்யுமா?

பிள்ளைகள் விஷயத்துக்கு வந்தால் இன்னும் நேரடி சாட்சி இருக்கிறது. 1423இல் இத்தாலியின் மாந்துவா நகரில் வித்தோரினோ தா பெல்த்ரே என்ற ஆசிரியர் ஒரு பள்ளி தொடங்கினார். அந்தக் கட்டடத்துக்கே மகிழ்ச்சி வீடு என்று பொருள்படும் பெயர், சுவரில் விளையாடும் குழந்தைகளின் சித்திரங்கள். லத்தீன், கிரேக்கம், கணக்கு எல்லாம் உண்டு, அதோடு ஓட்டம், நீச்சல், பந்து எல்லாம் பாடத்திட்டத்திலேயே உண்டு. தாழ்வாரம் தன் கட்சிக்குக் கூப்பிட்ட எராஸ்மஸும் இந்தப் பக்கமும் நிற்கிறார். 1529இல் அவர் எழுதிய குழந்தைக் கல்வி நூலில் எழுத்து வடிவில் பணியாரம் சுட்டுக் கொடுத்துப் படிக்க வைக்கலாம் என்கிறார். வில் அம்பில் ஆசை உள்ள மகனுக்கு ஒரு இங்கிலாந்துத் தந்தை இலக்குப் பலகையில் எழுத்துகளை எழுதி வைத்துக் கற்றுக்கொடுத்த கதையைப் பாராட்டிச் சொல்கிறார். பிரம்பால் அடித்துப் பாடம் நடத்துகிறவர்களை அவர் அளவுக்கு அந்தக் காலத்தில் கண்டித்தவர்கள் குறைவு. புரூகலுக்கு அந்த அறிஞர் உலகத்தோடு தொடர்பு இருந்தது. நிலப்படத் தொகுப்பு வெளியிட்ட ஆபிரகாம் ஓர்டேலியஸ் அவருடைய நண்பர்.

தாழ்வாரம்:

கால்ச்சோ எடுத்துக்காட்டு எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அது பிளாரன்ஸ், புரூகல் இருந்தது ஆண்ட்வெர்ப்.

எராஸ்மஸைப் பொறுத்தவரை, பணியாரம் சுட்டுக் கொடுக்கச் சொன்ன அதே மனிதர்தான் 1511இல் மடமையையே பேச வைத்து, போப்பாண்டவர் முதல் வணிகன் வரை எல்லாரையும் கோமாளி ஆக்கிய நூலையும் எழுதியவர். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்திருக்கிறது. அதைத்தான் நானும் சொல்கிறேன். குழந்தை விளையாடட்டும், அது இயல்பு. பெரியவன் அதையே வேறு பெயரில் செய்துகொண்டு அதைப் பெரிய காரியம் என்று நினைக்கும்போதுதான் மடமை. இந்த ஓவியம் தொங்கியது குழந்தைகள் அறையில் இல்லை என்பதையும் யோசியுங்கள். 1594இல் அதை வாங்கியவர் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் இளவரசர், அப்போது ஸ்பானிய நெதர்லாந்தின் ஆளுநர். பார்த்தவர்கள் எல்லாம் பெரியவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் இனிமையான பகுதியை மட்டும் பேசுகிறீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறார்கள். இரண்டு வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர்களின் நடுவே ஒருவன் உதை வாங்கிக்கொண்டே போகிறான். ஒருவனை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கட்டையில் மோதுகிறார்கள். அதையெல்லாம் பார்த்தும் இது கொண்டாட்டம் என்றால், யாருடைய கொண்டாட்டம்?

எனக்கு ஒன்பது வயதில் தெருப் பையன்கள் இப்படித்தான் என்னைத் தூக்கிப்போட்டார்கள், விளையாட்டு என்றுதான் அதற்கும் பெயர். எட்டிப் பார்த்த பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்த மூலையில் முடி இழுபடுகிற பையனை நான் அதனால்தான் முதலில் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

கோலிக்குண்டு:

தாழ்வாரம் சார், இதைச் சொன்னதற்கு நன்றி. இருபது வருடமாக மைதானத்தில் நிற்கிறேன், நீங்கள் சொல்வது உண்மை. விளையாட்டு என்ற பெயரில் ஒருவனை நசுக்குவது நடக்கும், ஆசிரியர் தலை திரும்பினால் போதும்.

ஆனால் அதுவே என் பக்கத்துக்குச் சாட்சி என்று நினைக்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். இளமையை இனிப்பாகக் காட்ட நினைக்கும் ஓவியர் முடி இழுபடுகிறவனை விட்டிருப்பார். மடமையைக் காட்டுகிற ஓவியரோ எல்லாரையும் ஒரே மாதிரி முட்டாளாகத்தான் காட்டியிருப்பார். இவர் மகிழ்ச்சியையும் வைத்தார், வலியையும் வைத்தார், யாரோடும் சேராமல் தனியாகச் சாணி கிளறுகிறவளையும் வைத்தார், பீப்பாயின் ஓட்டைக்குள் வாயை வைத்துக் கத்தி எதிரொலி கேட்கிறவனையும் வைத்தார். அவன் யாருக்கு என்ன பாடம் சொல்கிறான்? அது ஒரு பிள்ளை உண்மையில் செய்கிற காரியம், பார்த்தவர் வரைந்துவிட்டார்.

கரெல் வான் மாண்டர் 1604இல் எழுதிய ஓவியர் வரலாற்றில் ஒரு செய்தி சொல்கிறார். புரூகல் தன் நண்பரும் வணிகருமான ஹான்ஸ் பிராங்கர்ட்டோடு விவசாயிகள் போல உடை உடுத்தி, கல்யாண வீடுகளுக்கு உறவினர் என்று சொல்லிக்கொண்டு மொய்யோடு போவாராம், சனங்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், ஆடுகிறார்கள் என்று பார்ப்பதற்காக. அப்படி ஒரு கண் உள்ளவர் தெருப் பிள்ளைகளை எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்.

சிரிப்பு பற்றிக் கேட்டீர்களே, எண்ணிப் பார்த்தேன், வெளிப்படையாகச் சிரிக்கிறவர்கள் குறைவுதான். ஆனால் சார், கோலி அடிக்கிற பையன் முகத்தை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? சிரிக்கவே மாட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு, புருவம் நெளிந்து, உலகமே அந்தக் குழியில் இருக்கிற மாதிரி இருப்பான். விளையாட்டு நன்றாகப் போகிறது என்பதற்கு அந்த முகம்தான் அடையாளம். சிரிப்பு ஆட்டம் முடிந்த பிறகு வரும்.

வடகரை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓவியத்தில் பெரியவர்களே இல்லை என்று ஒரு இடத்தில் படித்தேன். ஆனால் நடுவில் ஒரு பெண் அடித்துக்கொள்ளும் இரண்டு பையன்கள் மேல் தண்ணீர் ஊற்றுகிறாள் போலத் தெரிகிறதே? எங்கள் தெருவில் நாய்ச் சண்டையை விலக்க இப்படித்தான் செய்வார்கள்.

பழஞ்சுவடி:

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் வடகரை, பெரியவள் என்று நிச்சயமாகச் சொல்லத்தக்க ஆள் ஏறக்குறைய அவள் ஒருத்திதான். ஒரு ஊரின் நடுச் சதுக்கம், பின்னால் நகர மன்றம் போன்ற பெரிய கட்டடம், வலப்பக்கம் அடிவானம் வரை போகும் தெரு, இது எல்லாம் பிள்ளைகள் கையில். ஊரை ஆள்கிறவர்கள் எங்கே போனார்கள்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1560இல் நெதர்லாந்து ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கத்துக்கு எதிரான மதக் கருத்துகளுக்கு மரண தண்டனை என்ற ஆணைகள் 1550 முதல் அமலில் இருந்தன. ஆறு வருடம் கழித்து 1566இல் கும்பல்கள் தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளை உடைக்கின்றன, 1567இல் அவர்களை அடக்க ஸ்பானியத் தளபதி ஆல்பா கோமகன் படையோடு வருகிறார். அந்தப் பதற்றத்துக்கு நடுவில் வாழ்ந்த ஒருவர், பெரியவர்கள் யாரும் இல்லாத ஒரு நகரத்தை வரைகிறார். ஆள்கிறவர்களும் இப்படித்தான் நகரத்தை வைத்து விளையாடுகிறார்கள் என்று படிக்கலாம், இவர்கள் கையில் இருந்தால் நகரம் இன்னும் நன்றாக இருக்குமே என்றும் படிக்கலாம். நான் முதலாவதைத்தான் இதுவரை நம்பினேன். கோலிக்குண்டு எழுதியதைப் படித்த பிறகு இரண்டாவதையும் தள்ள முடியவில்லை. சவோனரோலாவின் பையன்களை நான்தான் இங்கே கொண்டுவந்தேன், அவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பிள்ளைகள் யார் ஏவலும் இல்லாமல் இருக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரிகிறது.

மரப்பாச்சி:

எல்லாரும் வலது கீழ் மூலைக்கு வாருங்கள், இதைக் காட்டத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

அங்கே ஒரு சிறுமி கடை வைத்து விளையாடுகிறாள். செங்கல்லைச் சுரண்டிச் சிவப்புப் பொடி ஆக்குகிறாள், நாமும் செங்கல் பொடியை மிளகாய்ப் பொடி என்று வைத்துச் சோறாக்கி விளையாடியிருக்கிறோமே, அதே பொடி. ஆனால் ஆண்ட்வெர்ப்பில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அது ஓவிய வண்ணங்கள் தயாராகி, விற்று, வெளியூர்களுக்குப் போன நகரம். ஓவியர் பட்டறையில் சேர்கிற பையனின் முதல் வேலையே வண்ணக் கல்லை அரைப்பதுதான். இப்போது புரூகல் தன் பெயரையும் 1560 என்ற ஆண்டையும் எங்கே எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். அந்தச் சிறுமி இருக்கிற அதே மூலையில், அங்கே கிடக்கும் மரக்கட்டையில்.

200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் ஓவியத்தில் அவர் தன் பெயரைக் குமிழி ஊதுகிறவன் பக்கத்தில் எழுதியிருக்கலாம், முகமூடிக்குக் கீழே எழுதியிருக்கலாம். வண்ணப் பொடி செய்கிற பிள்ளையின் பக்கம் போய் எழுதினார். நானும் இதைத்தான் செய்கிறேன், என் வேலையும் இங்கேதான் தொடங்கியது என்று அவர் சொல்வதாகத்தான் நான் படிக்கிறேன். விளையாட்டு மடமை என்றால் ஓவியமும் மடமை, அதை அவர் நம்பினார் என்றால் இந்தப் பலகையின் முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

தாழ்வாரம்:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். செங்கல் பொடியை முன்பும் பார்த்திருக்கிறேன், பெயரையும் பார்த்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

இதற்கும் என் பக்கத்திலிருந்து பதில் இருக்கிறது. மடமைகளின் பட்டியலை வரைகிற நேர்மையான ஓவியர் தன்னை விலக்கி வைக்க மாட்டார், முட்டாள்கள் கூட்டத்தில் தானும் ஒருவன் என்று கையெழுத்துப் போடுவார். எராஸ்மஸின் மடமையும் தன்னை எழுதியவரை விட்டுவைக்கவில்லை. ஆகவே என் நிலை மாறவில்லை, 1559இன் இரண்டு ஓவியங்களை இதிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது என்றுதான் இன்னும் சொல்வேன். ஆனால் 'எச்சரிக்கை' என்ற சொல்லை இனி பயன்படுத்த மாட்டேன். எச்சரிக்கை செய்கிறவர் மேடையில் நிற்பார். இவர் அந்தச் சிறுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், அதை ஒத்துக்கொள்கிறேன்.

மரப்பாச்சி:

இவ்வளவு போதும் எனக்கு. நீல அங்கியைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பழமொழி ஓவியத்தை இந்த வாரம் முழுவதும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

கோலிக்குண்டு:

என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்று இந்த ஓவியத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். தேர்வு நெருங்குவதால் மைதானம் இரண்டு வாரமாக மூடிக் கிடக்கிறது, என் பாடவேளையை வகுப்பறையில்தான் கழிக்கச் சொன்னார்கள், சரி என்று இதைக் கொண்டுபோனேன். நாற்பது நிமிடத்தில் 31 விளையாட்டுகளுக்குப் பெயர் சொல்லிவிட்டார்கள். ஒன்றில் மட்டும் ஒரே சண்டை. இடது மேல் பக்கம் ஆற்றங்கரையில் குளிக்கிற பிள்ளைகளில் ஒருவன் நீச்சலுக்கு எதையோ கட்டிக்கொண்டு தண்ணீரில் கிடக்கிற மாதிரி இருக்கிறது. ஊதின பன்றிச் சிறுநீர்ப்பை என்கிறான் ஒருவன், ஏனென்றால் கீழே இன்னொரு இடத்தில் ஒரு பிள்ளை அதை ஊதிக்கொண்டிருக்கிறது. சுரைக்குடுக்கை என்கிறாள் இன்னொருத்தி, அவள் ஊர்க் கிணற்றில் அவள் தாத்தா அதைக் கட்டித்தான் நீச்சல் பழகினாராம். யாரிடமாவது இன்னும் தெளிவான படம் இருந்தால் அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி இங்கே போடுங்கள், நாளைக் காலை முதல் பாடவேளைக்குள் வேண்டும்.